முன்னால் அப்பாச்சி, பின்னால் டாம்கேட்: எங்கே கோட்டை விடுகிறோம்?

பிரவுசரில் 503, அதாவது ‘சேவை இப்போது கிடைக்கவில்லை’ என்ற எரர், வந்துவிட்டால் போதும், கை தானாக ரீஸ்டார்ட் கமாண்டுக்குப் போகும். டாம்கேட்டை ஒருமுறை, அப்பாச்சியை ஒருமுறை, மனசு ஆறவில்லை என்றால் மொத்த சர்வரையும் ஒருமுறை. நானும் பல வருடம் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த 503ஐ அனுப்பியது யார் என்று பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

அப்பாச்சி வெப் சர்வர் 80, 443 போர்ட்களில் வாசலில் நின்று, வருகிற கோரிக்கையை ப்ராக்ஸியாக உள்ளே கடத்துகிறது. டாம்கேட் உள்ளே 8080இல் சர்வ்லெட்டை, அதாவது ஜாவாவில் எழுதிய வெப் ப்ரோகிராமை, ஓட்டுகிறது. பிழைப் பக்கத்தின் அடியில் ‘அப்பாச்சி டாம்கேட்’ என்று பதிப்பு எண்ணோடு இருந்தால் கோரிக்கை உள்ளே வரை போய்விட்டது; ப்ராக்ஸி கான்ஃபிகை நோண்டுவது வீண். சந்தேகமா? சர்வருக்குள் லாகின் செய்து, கமாண்டிலேயே பக்கத்தை எடுத்துக் காட்டும் கர்ல் வைத்து 127.0.0.1:8080ஐ நேராகத் தட்டிப் பாருங்கள்.

ஒரு ராத்திரி ஒன்றரை மணி வரை நான் விழித்திருந்தேன். ரெட் ஹேட் வகை லினக்ஸ். உள்ளே கர்ல் அடித்தால் பக்கம் ஜோராக வருகிறது, வெளியே 503. கோரிக்கையை டாம்கேட்டுக்கு அனுப்பச் சொல்லும் ப்ராக்ஸிபாஸ் வரியில் ஸ்லாஷைச் சேர்த்தேன், எடுத்தேன், லோக்கல்ஹோஸ்டை ஐபி ஆக்கினேன். கடைசியில்தான் அப்பாச்சியின் எரர் லாகை ஒழுங்காகப் படித்தேன். அடைப்புக்குறிக்குள் 13, பக்கத்தில் ‘பர்மிஷன் டினைடு’. டாம்கேட் ஓடாமல் இருந்திருந்தால் 111, ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று இருந்திருக்கும். 111 என்றால் அந்தப் போர்ட்டில் ஆளே இல்லை. 13 என்றால் அப்பாச்சியையே யாரோ போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். பிடித்தது எஸ்ஈலினக்ஸ், எந்த ப்ரோகிராம் எதைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் காவலாளி. செட்எஸ்ஈபூல் கமாண்டில் ‘ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’ என்பதை 1 ஆக்கியதும் சரியாகிவிட்டது. கூடவே பெரிய எழுத்து ‘-பி’ போட மறந்தால் அடுத்த ரீபூட்டில் பழைய குருடி கதவைத் திறடி. எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது.

டாம்கேட் பக்கத்தில் வேறு கூத்து. அதன் பொது லாகான கேட்டலினா.அவுட் கோப்பில், ஆப் தொடங்கும்போது ஓடவேண்டிய லிசனர் ஒன்று தொடங்கவில்லை, முழு விவரம் உரிய லாகில் என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதையே முறைத்துக்கொண்டிருப்போம். காரணம் அதே ஃபோல்டரில், லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கித் தேதியைப் பெயரில் கொண்ட கோப்பில் கிடக்கும். அதிலும் முதல் எக்செப்ஷனில் நின்றுவிடாமல் கடைசி ‘காஸ்டு பை’ வரிக்குப் போங்கள்.

புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள் இருப்பதிலேயே புது டாம்கேட்டை இறக்கிவிடுகிறார்கள். பழைய வார் கோப்பை (ஜாவா வெப் ஆப்பைக் கட்டிய பொட்டலம்) போட்டதும் கிளாஸ் இல்லை என்கிறது. டாம்கேட் 10இல் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆகிவிட்டது; 9க்கு எழுதியது அப்படியே ஓடாது. கோடில் கை வைக்க நேரமில்லை என்றால் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போடுங்கள், டாம்கேட்டே மாற்றிக்கொள்ளும்.

ஜாவா பதிப்பும் பொருந்த வேண்டும். டாம்கேட் 9க்கு 8 போதும், 10.1க்கு 11, டாம்கேட் 11க்கு 17. கிளாஸ் வெர்ஷன் ஆதரவில்லை என்ற எரரில் வரும் எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் எந்த ஜாவாவில் கம்பைல் ஆனது என்று தெரியும்: 61 என்றால் 17. ‘என் டெர்மினலில் 17 காட்டுகிறதே’ என்று வாதாடிப் பயனில்லை. லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி தொடங்கும் டாம்கேட், டெர்மினலுக்கான உங்கள் பாஷ்ஆர்சி கோப்பைப் படிக்காது. ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா_ஹோமை சர்வீஸ் கோப்பிலேயே எழுதுங்கள்.

பழைய குறிப்புகளைப் பார்த்து 8009இல் ஏஜேபி (அப்பாச்சி டாம்கேட்டோடு பேச இன்னொரு வழி) வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் ஏஜேபியில் இருந்த கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, டாம்கேட் 9.0.31 முதல் அந்தக் கனெக்டரை சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கமெண்டாக்கிவிட்டார்கள். கமெண்டை எடுத்தாலும் சீக்ரெட் (இரண்டு பக்கமும் பகிரும் ரகசியச் சொல்) தராமல் தொடங்காது. எரர் போனால் சரி என்று சீக்ரெட் கட்டாயத்தை நீக்கி, முகவரியை 0.0.0.0 ஆக்கி எல்லாப் பக்கமும் திறந்தால் அதே ஓட்டையை நாமே திறந்துவைத்த மாதிரி. சாதாரண ஹெச்டிடிபி ப்ராக்ஸியே பெரும்பாலும் போதும்.

கடைசியாக, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர். ‘சும்மா ஒருமுறை’ டாம்கேட்டை ரூட்டாகத் தொடங்கினாலே லாக்ஸ், வொர்க், டெம்ப் ஃபோல்டர்களில் ரூட் பெயரில் கோப்புகள் விழுந்துவிடும். மறுநாள் சர்வீஸாகத் தொடங்கும்போது டாம்கேட் யூசருக்கு அங்கே எழுத அனுமதி இருக்காது. அவசரத்தில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுவிடாதீர்கள். டாம்கேட்டை நிறுத்தி, அந்த மூன்று ஃபோல்டர்களையும் சௌன் கமாண்டால் டாம்கேட் யூசர் பெயருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.