ஸ்டூல் வாங்கிப் போட்டால் போதுமா? ஊழியர் நலத்தில் முதலாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் ஜவுளிக்கடை, நகைக்கடை, சின்ன கார்மென்ட்ஸ் யூனிட் நடத்துகிற பலர் மோசமானவர்கள் இல்லை. தீபாவளிக்குப் போனஸ் கொடுப்பார்கள். ஊழியர் வீட்டில் ஆபரேஷன் என்றால் கையில் இருக்கிற பணத்தை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் அந்த ஊழியரின் உடம்பைத் தினமும் கெடுப்பது அதே கடையில் வேலை வாங்குகிற முறைதான் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. எப்போதாவது கொடுக்கிற உதவியை நலம் என்று எடுத்துக்கொண்டு, அன்றாடம் நடப்பதை அப்படியே விட்டுவிடுவது. மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

நிற்பதையே எடுத்துக்கொள்ளலாம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்பவரின் முன்முயற்சியில் உருவான ‘பெண்கூட்டு’ அமைப்பின் மூலம் பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பிறகுதான் 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது.

சரி, ஸ்டூல் வந்துவிட்டது. அதில் யாராவது உட்காருகிறார்களா என்று பாருங்கள். பல கடைகளில் அதன் மேல் துணிக்கட்டு இருக்கும். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார், அல்லது கேமராவில் பார்த்துவிட்டு மேலிருந்து போன் வரும். உட்கார்ந்திருப்பது சோம்பல், வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவு என்ற எண்ணம் போகாதவரை ஸ்டூல் வெறும் சாமான்தான். நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். “ஆள் இல்லாதபோது எல்லோரும் உட்காரலாம்” என்று முதலாளி தன் வாயால், சூப்பர்வைசரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

பாத்ரூம் போக அனுமதி கேட்க வைப்பதும் இதே ரகம். கேட்கக் கூச்சப்பட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று.

இதைவிட ஆபத்தானது மாத்திரை கொடுத்து வேலை வாங்குவது. தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் 2019-ல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயர் இல்லாத மாத்திரையை வேலையிடத்திலேயே கொடுத்துத் தையல் மெஷினுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்னது. என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று யாரும் விளக்குவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அவர்களும் விழுங்கிவிடுகிறார்கள். கொடுக்கிறவர் மனதில் இது உதவியாகக்கூட இருக்கலாம். ஆனால் டாக்டரோ நர்ஸோ பார்க்காமல் மாதாமாதம் தரப்படும் வலி மாத்திரையால் உற்பத்திதான் காப்பாற்றப்படுகிறது, அந்தப் பெண் இல்லை. அரை மணி நேரம் படுக்க ஓர் இடம், சம்பளம் பிடிக்காத ஓய்வு. இவை இருந்தால் பல நாள் மாத்திரையே தேவைப்படாது.

அட்டென்டன்ஸ் போனஸ் பற்றியும் யோசிக்க வேண்டும். மாதம் முழுக்க லீவு போடாதவருக்கு ஊக்கத்தொகை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவருக்குக் கொடுக்கும் பரிசாக அது மாறிவிடுகிறது. அவர் வந்தால் பக்கத்து டேபிளுக்கும் காய்ச்சல் வரும். போனஸை நிறுத்த மனமில்லை என்றால், உடம்பு சரியில்லாமல் எடுத்த லீவை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

அடுத்து, ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு. இதில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. ஈஎஸ்ஐ-யில் சேராமல் தப்பிக்க, பத்து பேரோ அதற்குமேலோ வேலை பார்க்கிற இடத்தில் ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி மிச்சமாவது எவ்வளவு? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், ஊழியரின் பங்கு 0.75 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி கட்டுவது 487 ரூபாய் 50 காசு. அதற்கு ஊழியரின் குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கிறது. நோயில் படுத்தால், தகுதிக்குத் தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வருகிறது.

“பிரசவ லீவு கொடுத்தால் ஆறு மாதச் சம்பளம் என் கையை விட்டுப் போகும்” என்று பயந்து கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காத முதலாளிகள் உண்டு. ஈஎஸ்ஐ-யில் இருக்கிற, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டிய பெண்ணுக்கு அந்த 26 வாரப் பணத்தை ஈஎஸ்ஐ கழகமே தருகிறது. இது தெரியாமல் எத்தனை பெண்கள் வேலையை இழந்திருப்பார்கள்!

மருத்துவ முகாம் நடத்துவது நல்ல விஷயம். 2024-ல் தொடங்கிய ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அரசே வேலையிடத்துக்கு வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறது. ஆனால் முகாம் முடிந்ததும் ரிப்போர்ட் எல்லாம் மேனேஜர் மேசைக்குப் போகக் கூடாது. தன் சர்க்கரை அளவு முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று நினைப்பவர் அடுத்த முகாமுக்கு வரவே மாட்டார். பரிசோதனை முடிவு அவரவர் கையில்தான் போக வேண்டும். சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு அவர் நேரத்துக்குச் சாப்பிட வழி வேண்டும். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளுகிற கடையில் அந்த ரிப்போர்ட்டால் என்ன பயன்?

மனம் சரியில்லை என்று யாராவது சொன்னால் “வேலையில் இறங்கு, எல்லாம் மறந்துவிடும்” என்று அனுப்பிவிடாதீர்கள். முதலில், அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் எழுதி வையுங்கள். பேசிவிட்டு வர ஒரு பதினைந்து நிமிடமும், கதவு மூடக்கூடிய ஓர் அறையும் கொடுங்கள். என்ன பேசினாய் என்று மட்டும் கேட்க வேண்டாம்.