ஈறுல ரத்தம் வருதுன்னு அந்த இடத்த தேய்க்காம விட்றாதீங்க

நானே பண்ண தப்பு இது. கீழ்வரிசைல இடது பக்கம் பிரஷ் பட்டாலே ரத்தம் வருதுன்னு ஒரு மாசம் அந்தப் பக்கம் சும்மா தடவிட்டு வந்தேன், ரத்தம் கூடுச்சே தவிர குறையல. டாக்டர் கையில கண்ணாடிய குடுத்து பாருங்கன்னாங்க, பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துல வெளிர் மஞ்சளா ஒரு கோடு, நகத்தால சுரண்டினா மாவு மாதிரி வருது. அந்த அழுக்குல இருக்கற கிருமியாலதான் ஈறு வீங்குது, வீங்கின ஈறு லேசா பட்டாலே ரத்தம் விடும். அந்த இடத்ததான் மத்த இடத்தவிட பொறுமையா தேய்க்கணுமாம். தேய்ச்சேன், பத்து நாள்ல நின்னுடுச்சு.

தேய்க்கிற விதம்தான் முக்கியம். சாஃப்ட் பிரஷ் வாங்குங்க. அத ஈறு ஓரத்துல 45 டிகிரி சாய்ச்சு, பாதி நார் பல்லுலயும் பாதி ஈறுலயும் படற மாதிரி வச்சு, ரெண்டு ரெண்டு பல்லா சின்னதா ஆட்டுங்க. துணி துவைக்கிற மாதிரி வறட்டு வறட்டுன்னு இழுத்தா ஈறு கீழ இறங்கிடும், அப்புறம் ஜில்லுன்னு தண்ணி பட்டாலே கூசும், இறங்கின ஈறு தானா மேல ஏறாது. மொத்தம் 2 நிமிஷம் ஆகணும், ஒரு தடவ போன்ல டைமர் வச்சுப் பாருங்க, நாம எவ்ளோ சீக்கிரம் முடிச்சிடறோம்னு தெரியும். முன்பல்லயே தேய்ச்சிட்டு இருப்போம், கடைவாய்ப்பல்லோட பின்பக்கமும் கீழ் முன்பல்லோட நாக்குப் பக்கமும் அப்படியே கிடக்கும்.

பேஸ்ட்ல ஃப்ளோரைடு இருக்கான்னு பாருங்க, பெரியவங்களுக்கு 1000லேர்ந்து 1500 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற அளவு) வரைக்கும் இருந்தா சரி. மூணு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு ஒரு அரிசி அளவு பேஸ்ட் போதும், அப்புறம் ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு. தேய்ச்சு முடிச்சதும் நுரைய துப்பிட்டு விட்டுடுங்க, வாய் நிறைய தண்ணி ஊத்தி கொப்பளிச்சா பல்லுல ஒட்டி இருக்க வேண்டிய ஃப்ளோரைடும் சேர்ந்து போயிடும். எனக்கு இதுதான் பழக்கமாக ரொம்ப நாள் ஆச்சு, வாயெல்லாம் பேஸ்ட் வாசனையா இருந்தது.

ராத்திரி தேய்க்கிறத மட்டும் விடவே விடாதீங்க. தூங்கும்போது எச்சில் கம்மியா சுரக்கும், அதனால அப்போ ஒட்டிட்டு இருக்கற சாப்பாட்ட வச்சு கிருமி ஆசிட் உண்டாக்கினா அத கழுவிவிட ஆளில்ல. புளிப்பா ஏதாச்சும் குடிச்சிருந்தா உடனே தேய்க்காம ஒரு அரை மணி நேரம் கழிச்சு தேய்ங்க, பல்லோட மேல் பூச்சான எனாமல் அப்போ கொஞ்சம் இளகி இருக்கும். இனிப்புன்னா, ஒரே நேரத்துல சாப்பிட்டு முடிக்கிறதவிட நாள் முழுக்க கொறிக்கிறதுதான் பல்ல அதிகமா கெடுக்கும்.

ரெண்டு பல்லுக்கு நடுவுல பிரஷ் போகாது, அதுக்கு ஃப்ளாஸ்ங்கற பல் இடுக்கு நூல்தான். தினம் ஒரு தடவ, நூல பல்லோட பக்கத்துல வளைச்சு ஒட்டி மேல கீழ இழுங்க, படார்னு இறக்கினா ஈற வெட்டிடும். இடைவெளி பெருசா இருக்கறவங்களுக்கு இடுக்குல விடற குட்டி பிரஷ் இன்னும் நல்லா வேலை செய்யும். மவுத்வாஷ் இதுக்கெல்லாம் பதில் கிடையாது.

அழுக்கு கெட்டியாகி காறையா ஆயிடுச்சுன்னா எத்தன தேய்ச்சாலும் வராது, டாக்டர் கருவி வச்சு அத எடுக்கற ஸ்கேலிங்தான் வழி. ஊசி, சேஃப்டி பின் வச்சு சுரண்டற வேலையே வேணாம்.

இன்னொண்ணு, சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவா வராது, அதனால ரத்தம் வரலையேன்னு நம்பி இருக்காதீங்க. ரெண்டு வாரம் ஒழுங்கா தேய்ச்சும் ரத்தம் நிக்கல, சீழ் வருது, பல்லு ஆடுதுன்னா வீட்டு வைத்தியத்த விட்டுட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க, முகம் வீங்கி காய்ச்சலும் இருந்தா அன்னிக்கே போங்க. சுகர் இருக்கறவங்க அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.