குரங்கின் கையைப் பார்ப்பது எப்படி

'குரங்கு கையில் பூமாலை' என்று முதலில் சொன்னவர் பாதியிலேயே எழுந்து போயிருக்க வேண்டும். நான் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கம் பாபநாசம் கோயில் படித்துறையில் ஒரு மாலை கரை ஒதுங்கிக் கிடந்தது. பெண் குரங்கு ஒன்று அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பிய்த்து எறியவில்லை. இடது கையால் நாரைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொரு பூவாக உருவியது. முகர்ந்தது. ரோஜா இதழ் வாய்க்குப் போனது, மரிக்கொழுந்து தண்ணீருக்குப் போனது. மாலை போச்சு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நாசம் பண்ணிய வேலை இல்லை, தீனி பொறுக்கிய வேலை.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முகம் வரைகிற பையன்கள் வகுப்புக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கை வரைகிறவன் ஒருத்தன் கூடத் தேற மாட்டான். அந்தக் குறையில்தான் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன், மனுஷக் கையில் தொடங்கிக் குரங்குக்குப் போய் யானையில் வந்து நிற்கிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நீங்களும் பார்க்கலாம். காசு செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

முதல் பாடம் வீட்டிலேயே. தண்ணீர்க் குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள். உள்ளங்கையும் எல்லா விரலும் சேர்ந்து வளைத்துக்கொள்ளும். அடுத்து ஊசியில் நூலைக் கோர்த்துப் பாருங்கள். உள்ளங்கைக்கு அங்கே வேலையே இல்லை. கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் மட்டும். 1956-இல் ஜான் நேப்பியர் என்கிற ஆங்கிலேய மருத்துவர் கையின் பிடிகளை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார், வலுப்பிடி, நுட்பப்பிடி என்று. நான் என் நோட்டில் இன்னும் இரண்டு சேர்த்துக்கொண்டேன். கட்டைவிரலை விட்டுவிட்டு நாலு விரலால் காய்கறிப் பையைத் தொங்கவிடுகிறோமே, அது கொக்கிப்பிடி. பூட்டில் சாவியைத் திருப்பும்போது கட்டைவிரல், ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்துகிறதே, அது சாவிப்பிடி. வ, நு, கொ, சா என்று நாலு எழுத்து. நோட்டில் முழு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தால் குரங்கு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

பார்க்கப் போகிற இடத்தில் மூன்று கட்டுப்பாடு. தீனி போடக் கூடாது. பாபநாசம் செக்போஸ்டைத் தாண்டினால் அது புலிகள் காப்பகம், அங்கே வனத்துறை சொல்வதுதான் சட்டம். கையில் பை, பாட்டில், தின்பண்டம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. மூன்றாவது, பத்தடியாவது தள்ளி நிற்க வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் இருந்தால் நகம் வரைக்கும் தெரியும்.

இந்த மூன்றாவதை நான் மீறினேன். கிட்டப் போய்க் குனிந்து வரைந்துகொண்டிருந்தபோது ஒரு குட்டிக் குரங்குப் பயல் என் மூக்குக் கண்ணாடியை உருவிக்கொண்டு மருத மரத்தில் ஏறிவிட்டான். நான் கத்த, டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "சார்வாள், சத்தம் போடாதிய, அதுவே சலிச்சுப் போய்க் கீழ போட்ரும்." என் வீட்டுக்காரி சிரிப்பை அடக்கவே இல்லை. "கண்ணாடி கெடக்கட்டும், எந்த வெரல்ல புடிச்சிருக்குன்னு பாருங்க. அதத்தான எப்பவும் பாப்பிய?" என்றாள். கண்ணாடி இல்லாமல் எதைப் பார்க்க! அவள்தான் பார்த்துச் சொன்னாள், அது சாவிப்பிடி என்று. கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடி விழுந்தது, ஒரு காது மட்டும் வளைந்திருந்தது.

நாட்டுக்குரங்கில் தொடங்குவதுதான் சரி. தரையில் இறங்கி உட்கார்ந்து, நம் முன்னாலேயே வேலை செய்யும். முகத்தைப் பார்க்காதீர்கள், அதன் சேட்டையில் மனம் போய்விடும். கட்டைவிரலை மட்டும் பாருங்கள். தரையில் சிந்திய பொரியைப் பொறுக்கும்போது கட்டைவிரல் திரும்பி ஆட்காட்டி விரலின் ஓரத்தைத் தொடும். நமக்கு இரண்டு விரலின் சதைப்பற்றும் முகத்துக்கு முகம் பார்த்தபடி ஒட்டும். அதற்குக் கட்டைவிரல் குட்டை, மற்ற விரல்கள் நீளம், அதனால் ஓரத்தில்தான் பெரும்பாலும் முடியும். மண் ஒட்டிய கிழங்கோ பழமோ கிடைத்தால் உடனே தின்னாது. உள்ளங்கையில் வைத்து உருட்டும், கல்லில் தேய்க்கும். ஜப்பானில் கோஷிமா தீவில் இமோ என்று பேர் வைத்த ஒரு குரங்குக் குட்டி, 1953-இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. பார்த்துப் பார்த்து மற்றவையும் கழுவின. நம்ம ஊர்க் குரங்கு தேய்க்கிறதைப் பார்த்தால் அது ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது.

பேன் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். குரங்குக் கையின் மிக நுட்பமான வேலை அதுதான். ஒரு கையின் பக்கவாட்டால் மயிரை வகிடு எடுத்து அமுக்கிக்கொள்ளும், மறு கையின் விரல்நுனி கிள்ளி எடுக்கும். இரண்டு கைக்கும் இரண்டு வேறு வேலை. என் ஆச்சி தார்சாவில் உட்கார்ந்து எங்களுக்குப் பேன் பார்த்ததும் இதே லட்சணத்தில்தான்.

அப்புறம் மந்திக்குப் போங்கள். முண்டந்துறைப் பக்கம் சாம்பல் மந்தி, மாஞ்சோலை மேலே ஏறினால் கருமந்தி. இரண்டும் இலை தின்னும் சாதி. கட்டைவிரலைத் தேடுங்கள். இருக்கும், ஆனால் சுண்டிப்போன மாதிரி சின்னதாக, மணிக்கட்டுப் பக்கமே ஒதுங்கியிருக்கும். கிளைக்குக் கிளை தாவும்போது நாலு விரலும் கொக்கியாகி மாட்டிக்கொள்ளும். கட்டைவிரல் நீண்டிருந்தால் இடைஞ்சல்தான். கொப்பை இழுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து தின்கிற பிராணிக்கு ஊசி கோர்க்கிற கை எதற்கு? இதற்கு நேர் எதிர், எத்தியோப்பிய மலைகளில் இருக்கிற கெலாடா. உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொரு புல்லாகக் கிள்ளித் தின்கிறது. அதன் ஆட்காட்டி விரல் குட்டை, கட்டைவிரல் ஓரளவு நீளம், நுனிக்கு நுனி அழகாகச் சேரும். கையைப் பார்த்தால் சாப்பாடு தெரியும். என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'என்ன தின்கிறது, எங்கே உட்கார்ந்து தின்கிறது' என்று எழுதுவது அதனால்தான்.

தேவாங்கைத் தேடிப் போகாதீர்கள். இரவுப் பிராணி, டார்ச் வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு: அதன் ஆட்காட்டி விரல் குறுகி ஒதுங்கிவிட்டது, கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம், கை அப்படியே ஒரு இடுக்கி. மணிக்கணக்கில் கிளையை விடாது.

குரங்குக்குக் காலும் கைதான், பெருவிரல் தனியே பிரிந்திருக்கும். மரத்தில் காலால் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் வேலைக்கு விடுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கை இல்லாதவர்கள். அணிலைப் பாருங்கள், புறவாசல் கொய்யா மரமே போதும். ஒற்றை முன்காலால் எதையும் பிடிக்காது, இரண்டு முன்காலும் சேர்ந்தால்தான் ஒரு பிடி. காக்கைக்கு வடை கிடைத்தால் காலால் மிதித்துக்கொண்டு அலகால் கொத்தும். கிளி அதே காலால் பழத்தைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோகும். கிளிக்கு இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே, அதனால் அந்த வசதி. தேரிக்காட்டுப் பக்கம் பச்சோந்தி கண்ணில் பட்டால் காலைப் பாருங்கள்: விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்திருக்கும். முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் உள்ளே இரண்டு, வெளியே மூன்று. போதாததற்கு வாலும் ஒரு பிடி. ஊரே சொல்லும் உடும்புப்பிடி விரலில் இல்லை, நகத்தில் இருக்கிறது.

யானைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கோயில் யானை இருக்கும் இடத்தில் பாகனிடம் கேட்டுக்கொண்டு, அவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். தும்பிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசை. ஆப்பிரிக்க யானைக்கு நுனியில் மேலும் கீழுமாக இரண்டு விரல் போன்ற நீட்சி, நம் யானைக்கு மேலே ஒன்றே ஒன்று. அதனால் நம் யானை கிள்ளி எடுப்பதைவிடச் சுருட்டி எடுக்கும். தென்னோலையைச் சுருட்டும், கரும்பைச் சுருட்டும். பத்து ரூபாய்க் காசை வாங்கும்போது மட்டும் அந்த ஒற்றை விரல் வளைந்து அழுத்தும். புல்கட்டைக் கொடுத்தால் உடனே தின்னாமல் முன்காலில் ஓங்கி அடித்து மண்ணை உதிர்க்கும். எங்கள் நாட்டுக்குரங்கு கல்லில் தேய்த்தது நினைவுக்கு வருகிறதா? இன்னொரு வேலை செய்யுங்கள். எந்தப் பக்கமாகச் சுருட்டுகிறது என்று பத்துத் தடவை எண்ணுங்கள். நமக்கு வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் இருப்பதைப் போல ஒவ்வொரு யானைக்கும் ஒரு பக்கப் பழக்கம் உண்டு. நான் எண்ணிய யானை பத்தில் எட்டு இடப்பக்கம்.

வீட்டில் பச்சைப்பிள்ளை இருந்தால் கடைசியாக ஒன்று. உள்ளங்கையில் உங்கள் சுண்டுவிரலை வையுங்கள், சட்டென்று மூடிக்கொள்ளும். குரங்குக் குட்டி பிறந்ததும் தாயின் வயிற்று மயிரை இப்படித்தான் பற்றுகிறது. தாய் தாவினாலும் விடாது. வைணவப் பெரியவர்கள் இதையே மர்க்கட நியாயம், அதாவது குரங்கு நியாயம் என்று சொல்லி, குட்டியை வாயில் கவ்விச் செல்லும் பூனையோடு வைத்து, பக்தன் கடவுளைப் பற்ற வேண்டுமா, கடவுளே பக்தனைத் தூக்கிக்கொள்வாரா என்று வாதம் செய்தார்கள். என் பேத்தி பிறந்த மூன்றாம் நாள் என் விரலைப் பிடித்தாள். நோட்டில் தேதி போட்டு 'வ' என்று எழுதிவைத்தேன். பொரியை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தின்ன ஒன்பது மாதம் ஆனது. அதே பக்கத்தில் கீழே 'நு'.