ஆல்பத்தில் சேராத பாடல்களைத் தொகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நண்பர்கள் நால்வர் 2004 முதல் நடத்திவந்த ராக் குழு ஒன்று, தன் இரண்டு ஆல்பங்களிலும் சேராமல் நின்றுபோன பாடல்களை ஒரு தொகுப்பாக வெளியிட முடிவு செய்தபோது, அந்தப் பதிவுகளைத் திரட்டிச் சீர்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதினேழு கேசட்டுகளும், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும், ஒரு பழைய செல்பேசியின் மெமரி கார்டும் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன. வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் கணிசமான காலம், தொடக்கத்தில் அவசரப்பட்டுச் செய்தவற்றைத் திருத்துவதிலேயே கழிந்தது என்பதால், இதே வேலையில் இறங்கவிருக்கும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன்.

எது என்ன என்று குறித்துக்கொள்வதற்கு முன்பே கேசட்டை டெக்கில் போட்டுவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். நகரத்தார் வீடுகளில் ஒரு பித்தளை அண்டாகூட விலாசம் வெட்டாமல் இருப்பதில்லை. கல்யாணத்துக்கு இரவல் போன பாத்திரம் மூன்று வீடு சுற்றினாலும் தன் வீட்டுக்குத் திரும்பி வருவது விளிம்பில் வெட்டிய அந்த எழுத்துகளால்தான். எங்கள் கேசட்டுகளிலோ ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் இது’ என்பவைதான் எழுதியிருந்தன. ஆகவே முதலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, உறையையும் இன்லே காகிதத்தையும் படமெடுத்து, யாரிடமிருந்து வந்தது என்று எழுதிய பிறகே ஒலிக்கவிட வேண்டும். ஒலிக்கும்போது குழுவினர் அனைவரையும் ஒன்றாக உட்காரவைத்து, அவர்கள் பேசுவதையும் பதிவு செய்துகொள்வது நல்லது. இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். தீர்ப்புச் சொல்லும் அவசரம் அங்கே கூடாது. ஒரு டேக்கின், அதாவது ஒரு பாடலை ஒருமுறை வாசித்துப் பதிந்த பதிவின், பின்னணியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி–பங்குனித் திருவிழா ஒலிபெருக்கி மெலிதாகக் கேட்டது. கோடை விடுமுறையில் பதிந்ததாக டிரம்மர் உறுதியாகச் சொல்லிவந்த பாடல், ஆண்டுத் தேர்வுக்கு முன்பு பதிந்தது என்பது அதனால்தான் தெரிந்தது.

அடுத்து வருவது கருவியைப் பற்றிய தவறு. இதில் இழந்தது திரும்பாது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரண கேசட் டெக்கில் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. குரலையும் கருவிகளையும் நான்கு தனித்தனி தடங்களில் (டிராக்குகளில்) பதிய உதவிய, வீட்டுப் பதிவுக்குப் பயன்பட்ட நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர்களில் பல, அதன் இருமடங்கு வேகத்தில் ஓடியதோடு, நான்கு டிராக்குகளையும் ஒரே திசையில் எழுதின. அப்படிப்பட்ட கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டால், ஒரு பக்கம் பாதி வேகத்தில் இரண்டு டிராக்குகள் மட்டும் கேட்கும். மறுபக்கம் மற்ற இரண்டும் தலைகீழாக ஓடும். எங்களிடம் இருந்த ஐந்து கேசட்டுகளைக் கெட்டுப்போனவை என்று ஒதுக்கி, தூக்கி எறியும் நிலைக்கே வந்துவிட்டோம். அவற்றுக்கு உரிய கருவியை மதுரையில் ஒருவரிடம் இரவல் பெற்று ஒலிக்கவிட்டபோது, தொகுப்பின் ஆகச் சிறந்த மூன்று பாடல்கள் அவற்றுக்குள் இருந்தன.

நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதியான ஹெட், நாடாவைத் தொடும் கோணம் இன்னொன்று. பதிவு செய்த கருவியின் கோணமும் ஒலிக்கவிடும் கருவியின் கோணமும் சற்றே மாறினாலும் சிம்பலின் கூர்மையும் குரலின் ‘ச’, ‘ஷ’ ஒலிகளும் மங்கிவிடும். ஹெட்டின் அருகில் இருக்கும் சிறிய திருகைத் திருப்பி, ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியாக இதைச் சரிசெய்த பிறகே கணினியில் ஏற்ற வேண்டும். பிறகு ஈக்வலைசரில் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், கூடுவது இரைச்சல்தான். ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஏற்றுவது நன்று. நான் சேர்வதற்கு முன் குழு இரண்டு கேசட்டுகளை வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்திருந்தது. 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகள் வந்தன, கேசட்டுகள் திரும்பவில்லை. அவற்றிலிருந்து எடுத்த இரண்டு பாடல்களும் தொகுப்பில் அப்படியே, குறைந்த தரத்தோடுதான் இருக்கின்றன. அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது.

வேகத்தைத் திருத்துவதில் தவறுவது இன்னும் எளிது. நாடா மூன்று விழுக்காடு வேகமாக ஓடினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி உயர்ந்துவிடும். கேட்பவருக்கு ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றுமே தவிர, காரணம் பிடிபடாது. உடனே ட்யூனரை வைத்து வழக்கமான சுருதிக்கு இழுத்துவிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது: குழுவே கிதார்களை அரை ஸ்வரம் இறக்கி வாசித்திருந்தால், ‘திருத்திய’ பதிவுதான் பொய்யாகும். எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயரின் முனகலை அளவுகோலாகக் கொள்வது ஒரு நல்ல வழி. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பதிவில் அந்த முனகல் 51.5 காட்டினால் நாடா மூன்று விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று கொள்ளலாம். ஆனால் ஜெனரேட்டரில் ஓடிய ஒத்திகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, நம் ஊரில் மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் அப்படிப்பட்ட ஒத்திகைகள் ஏராளம். ஆகவே முனகலை மட்டும் நம்பாமல், அன்று கிதாரை எப்படிச் சுருதி சேர்த்தார்கள் என்று வாசித்தவரையும் கேட்டு, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் கைவைக்க வேண்டும்.

இரைச்சலை நீக்கும் மென்பொருளைக் கண்ட மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். இக்குழுவின் ஒத்திகைகளில் பல, பாடகரின் பாட்டையா வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், நடந்தவை. ஆத்தங்குடித் தரையும், கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஒலியை உறிஞ்சுவதில்லை. ஸ்நேர் டிரம்மின் ஒவ்வோர் அடியும் முற்றத்தைச் சுற்றிவந்து அடங்க நேரமாகும். ஸ்டுடியோ கண்ணோடு பார்த்தால் அது குறைதான். ஆனால் அந்தக் கூடத்தில் வாசித்ததனால்தான் அவர்கள் பாடல்களை மெதுவாக்கி, அடிகளுக்கு இடையே இடம் விட்டு வாசிக்கக் கற்றார்கள் என்பது, ஆல்பத்தில் கேட்கும் பாணிக்கான விளக்கமும் ஆகும். நாடாவின் சீறலைச் சற்றுக் குறைக்கலாம். திடீர் வெடிப்பொலிகளை நீக்கலாம். முற்றத்தில் விழும் மழையையும், ‘இன்னொரு தடவை’ என்று யாரோ சொல்வதையும் நீக்குவது, பழைய தேக்குத் தூணுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு ஒப்பானது.

இதனினும் பெரிய தவறு, பழைய டேக்கில் புதிய குரலைச் சேர்ப்பது. எங்கள் பாடகர், 2006இல் பாடிய ஒரு பாடலில் தன் குரல் தளும்புகிறது என்று கூறி, அதை மட்டும் இப்போது பாடித் தருவதாகச் சொன்னார். அவருக்கு அன்று இருபது வயது. குரல் தளும்பியது உண்மை. மாற்றிவிட்டால் அது 2006இன் பதிவும் ஆகாது, இன்றைய பாடலும் ஆகாது. மூன்று நாள் பேசிய பிறகு அவரே அதை விட்டுவிட்டார். இன்று பாட விரும்பினால் முழுப் பாடலையும் புதிதாகப் பதிந்து, புதிய ஆண்டைக் குறிப்பிட்டு வெளியிடுவதே நேர்மையான வழி.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் இருவகையாகத் தவறலாம். அரிதாகக் கிடைப்பதனாலேயே ஒன்று நல்லது என்று நினைப்பது ஒரு வகை. ஆல்பத்தில் இடம் பெறாததாலேயே மட்டமானது என்று நினைப்பது மற்றொரு வகை. இங்கிலாந்தின் தி ஸ்மித்ஸ் குழு, தன் முதல் ஆல்பம் வெளிவந்த 1984ஆம் ஆண்டிலேயே, பிபிசி வானொலிக்காக வாசித்த பதிவுகளையும் தனி இசைத்தட்டுகளாக வந்த பாடல்களையும் சேர்த்து ஒரு தொகுப்பை வெளியிட்டது. சில பாடல்களின் வானொலி வடிவங்களே ஆல்பத்தில் உள்ளவற்றைவிட உயிரோட்டமானவை என்று கருதும் ரசிகர்கள் இன்றும் பலர். ஆனால் அதே நம்பிக்கையில் ஒரே பாடலின் ஆறு டேக்குகளை வரிசையாக அடுக்குவது கேட்பவரைச் சோதிப்பதாகும். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்திய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வணிகத்தில் இருந்த காலத்தில், ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பாட முடியும். எல்பி ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களைச் சுற்றி நின்றது. சிடி 80 நிமிடங்களோடு முடிந்தது. இணையத்தில் அந்த எல்லை இல்லை என்பதால் எல்லையை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆல்பத்தில் கேட்க முடியாத ஏதேனும் ஒன்று, வேறு வரியோ, வேறு தாளமோ, விலகிப்போன ஒருவரின் வாசிப்போ, ஒரு டேக்கில் இருந்தால் அது உள்ளே வரலாம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். நாற்பத்தொரு பதிவுகளில் பதினான்கு தேறின.

குறிப்புகள் இல்லாமல் வெளியிடுவதும் தவறே. அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு 1987இல் தன் பி-சைடுகளையும் (தனி இசைத்தட்டுகளின் மறுபக்கப் பாடல்களையும்) மிச்சப் பதிவுகளையும் தொகுத்தபோது, கிதார் கலைஞர் பீட்டர் பக் ஒவ்வொரு பாடலுக்கும் குறிப்பு எழுதினார். சிலவற்றின் குறைகளையும் மறைக்கவில்லை. கேட்பவர் இப்படிப்பட்ட தொகுப்பில் தேடுவது அந்த உண்மையைத்தான். எங்கே, எந்த மாதம், எந்தக் கருவியில், யார் வாசித்தது, ஏன் விடப்பட்டது என்ற விவரங்கள் பாடலுக்கு நான்கு வரியில் இருந்தாலும் போதும்.

உரிமை பற்றிய அசட்டை நட்பையே முறித்துவிடும். கேசட் யார் வீட்டில் இருந்தது என்பது உரிமையைத் தீர்மானிப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்பவர் அதை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர். வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி. வாசித்தவர்களின் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆகவே இடையில் விலகிய பேஸ் கலைஞரிடமும் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும், அவர் பெயரையும் போட வேண்டும். ஒத்திகையில் வாசித்த பிறர் பாடல்களுக்கு இன்னும் கவனம் தேவை. பாடலின் முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகாமல், பிறர் பாடலைப் புதிதாக வாசித்துப் பதியச் சட்டம் தரும் கவர் உரிமத்தைப் பெற முடியாது. பெற்றாலும், ஓர் ஆண்டுக்கு ஒவ்வொரு பாடலுக்கும் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்ட்டியைச் செலுத்த வேண்டும். சிறிய குழுவுக்கு அது தாங்காது என்பதால், உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி கேட்பதோ அப்பாடலை விட்டுவிடுவதோதான் வழி. நாங்கள் இரண்டை விட்டுவிட்டோம்.

பதிவேற்றும்போது ஆல்பப் பாடலுக்குத் தந்த பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீட்டையே (ஒவ்வோர் ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு) அதன் வேறு டேக்குக்கும் போட்டுவிடுகிறார்கள். வேறு டேக் என்றால் வேறு பதிவு. அதற்குத் தனிக் குறியீடு வேண்டும், இல்லையெனில் கேட்பு எண்ணிக்கையும் வருவாயும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வேலை முடிந்ததும் தகரப் பெட்டியை மீண்டும் பரணில் ஏற்றிவிடக் கூடாது. ஓட்டுக்குக் கீழே சித்திரை வெயிலின் வெக்கையும், அதைத் தொடர்ந்து வரும் மழைக்கால ஈரமும் நாடாவை மெல்ல அழிக்கும். கோப்புகளுக்கு மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வைக்க வேண்டும். எங்கள் மூன்றாவது படி தேவகோட்டையில் இருக்கிறது. பதினேழு கேசட்டுகளில் திரும்பி வராத இரண்டு போக, மற்ற பதினைந்தும் இப்போது கீழ்த்தளத்து அறை ஒன்றில், நாடா ஒரு முனைக்கு முழுவதும் சுற்றப்பட்டு, நிமிர்த்தி அடுக்கப்பட்டு, முதுகில் எண்ணோடு நிற்கின்றன. பதினோராம் எண்ணின் இரண்டாம் பக்கத்தில் பாடும் பெண் குரல் யாருடையது என்ற கட்டம் மட்டும் பட்டியலில் இன்னும் காலியாக இருக்கிறது.