போனாலே பாதையில் கிராவல் சைக்கிள்: காலையில் கிளம்புங்கள்

இத்தாலியின் கார்தா ஏரிக்கு வடமுனையிலுள்ள ரீவா நகரிலிருந்து லெத்ரோ ஏரிக்குக் கிராவல் சைக்கிளில் (சரளைப் பாதைகளுக்கேற்ற அகல டயர் சைக்கிள்) செல்ல நினைப்பவர்கள், 19-ஆம் நூற்றாண்டில் செங்குத்தான பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டு, இப்போது மோட்டார் வாகனங்கள் செல்லாத பழைய போனாலே பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். கார்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 65 மீட்டர் உயரத்திலும் லெத்ரோ சுமார் 655 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், ஏறத்தாழ 10 கி.மீ. தூரத்தில் 590 மீட்டர் ஏற வேண்டியிருக்கும்.

பாதை அமைதியாக இருக்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் நடைப்பயணிகளும் மலையிலிருந்து வேகமாக இறங்கும் சைக்கிள்களும் அந்தக் குறுகலான வழியில் நெருக்கியடிக்கும். நண்பகலையொட்டித் தெற்கிலிருந்து வீசத் தொடங்கும் 'ஓரா' காற்று பாய்மரப் படகுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஏரிக்கரையில் தெற்கு நோக்கி மிதிப்பவருக்கோ அது பெரும்பாடு.

டயர் 40 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அகலத்தில் இருக்கட்டும். டியூப் இல்லாத டயராக இருந்து, ஓட்டுபவர் 70 கிலோ எடையுள்ளவரானால், 2.2 பார் (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்றைக் குறைத்துக்கொண்டால், சக்கரம் சரளைக் கற்களில் துள்ளாமல் படிந்து ஓடும். வழியில் பாறையைக் குடைந்த சுரங்கப்பாதைகளுக்குள் வெயிலிலிருந்து நுழைந்த சில நொடிகளுக்குக் கண் எதையும் காணாது என்பதால், பகலிலும் முன்விளக்கை எரியவிடுங்கள். ப்ரே கிராமத்தைத் தாண்டி மோலினா கிராமத்துக்கு ஏறும் பகுதிதான் உண்மையில் மூச்சு வாங்கவைக்கும். மிதிக்க மிக எளிதான கியரை அதற்கென்று மிச்சம் வைத்திருங்கள்.