சி.டி.எம். (அழுத்து வலிமை சோதிக்கும்) இயந்திரத்தில் கிரானைட் கியூப் சோதனை: காயமில்லாமல் செய்யும் முறை

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து ஆய்வகம் என்றால் கான்கிரீட் கியூபோடு கிரானைட் துண்டும் சோதனைக்கு வரும். கான்கிரீட்டில் பழகிய கையை கிரானைட் ஏமாற்றிவிடும். கான்கிரீட் உடையும் முன் ஓரம் உதிரும், விரிசல் ஓடும். கிரானைட் கடைசி நொடிவரை அசையாமல் நின்று, சட்டென்று வெடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. கியூபின் முகப்பரப்பு 2500 சதுர மி.மீ. கல்லின் வலிமை சதுர மி.மீட்டருக்கு 150 நியூட்டன் என்றால், 375 கிலோநியூட்டனில் உடையும். ஏறக்குறைய 38 டன். அப்போது கல்லுக்குள் மட்டும் சுமார் 28 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். ஒரு கிலோ எடை 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். கூடவே, லோடில் இழுபட்டு நிற்கும் இயந்திரச் சட்டமும் துள்ளும்.

முதலில், பம்ப் ஓடாதபோதே மேல், கீழ் பிளேட்டுகளைப் பிரஷ்ஷால் துடையுங்கள். பழைய சில்லு ஒன்று கிடந்தாலும் லோடு ஒரு மூலையில் குவியும். கல் பக்கவாட்டில் தெறிக்கும். மேல் பிளேட் கல்லின் முகத்துக்கு ஏற்பச் சாய உதவும் உருண்டை இருக்கை தாராளமாக ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்து கியூபை நடுவில் வையுங்கள். இடைவெளி அதிகமென்றால் இயந்திரத்தோடு வந்த ஸ்பேசரை (இடைவெளி நிரப்பும் தட்டை) போடுங்கள். அது இல்லையென்று இரும்புத் துண்டுகளை அடுக்கவே கூடாது. ராமை (கல்லைத் தள்ளி அழுத்தும் பிஸ்டனை) அதன் எல்லைக்கு மேல் ஏற்றவும் கூடாது. எவ்வளவு ஏறலாம் என்பதை இயந்திரத்தின் பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ பாருங்கள்.

பம்பை ஓடவிட்ட பிறகு கல்லைச் சரிசெய்யக் கை நீட்டாதீர்கள். கோணலாக இருந்தால் பம்பை நிறுத்தி, ராமை இறக்கி, மறுபடி வையுங்கள். இயந்திரத்தின் தடுப்புக் கதவை மூடி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். கதவுக்கு நேரே முகத்தைக் காட்ட வேண்டாம். எமர்ஜென்சி சுவிட்ச் கைக்கு எட்ட வேண்டும், அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

இனி லோடு ஏற்றும் வேகம். பலர் தவறுவது இங்கேதான். சதுர மி.மீட்டருக்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன் என்பது கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் பொதுவான அளவு. 150 மி.மீ. கான்கிரீட் கியூபுக்கு அது நொடிக்கு சுமார் 5.2 கிலோநியூட்டன். 50 மி.மீ. கல்லுக்கு நொடிக்கு வெறும் 0.58. காலையில் கான்கிரீட்டுக்கு வைத்த செட்டிங்கை மாற்றாமல் கல்லை வைத்தால், வேகம் 9 மடங்கு. பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டிய சோதனை ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் எதிர்பார்க்கும் முன்பே கல் வெடிக்கும்; ரிப்போர்ட்டில் ஏறும் எண்ணும் தவறு.

இடையில் நிறுத்த நேர்ந்தால் பம்பை அணைத்து, ரிலீஸ் வால்வை மெல்லத் திறந்து, கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை கதவைத் தொடாதீர்கள். உடையாத கல்தான் ஆபத்தானது.

ஹோஸில் ஆயில் கசிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பம்பை நிறுத்துங்கள். பிரஷரை இறக்கிய பிறகே இணைப்பைப் பாருங்கள்.

கல் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கும். காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.