கண்புரை வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வார்டில் படுப்பவர்களில் பாதிப் பேர் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல்காட்டுப் பெரியவர்கள். புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகளோ, அந்தக் காலத்தில் நாங்கள் செய்த கூத்தையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கை கழுவுவது, எந்தக் கண் என்று சரிபார்ப்பது எல்லாம் படிக்கும்போதே சொல்லித் தந்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

"சொல்லிட்டேன் சிஸ்டர்"

இதைக் கேட்டாலே எனக்கு எரியும். டிஸ்சார்ஜ் அன்று சீட்டைக் கையில் திணித்து, "முதல் வாரம் ஆறு வேளை, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு குறைச்சுக்குங்க தாத்தா" என்று ஒப்பித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவது. தாத்தாவும் தலையாட்டுவார். வீட்டில் மருந்து விடப்போவது மருமகளா பேரனா என்று யாரும் கேட்பதில்லை.

தாளடி அறுப்பு நேரத்தில் ஒருவர் நான்காம் நாள் திரும்பி வந்தார். கண் சிவந்து, வலி, பார்வை மங்கல். களத்துத் தூசி என்று இரண்டு நாள் பொறுத்திருக்கிறார். எப்படி மருந்து விட்டீர்கள், காட்டுங்கள் என்றேன். பாட்டில் முனையை வேட்டி நுனியால் துடைத்தார். இமை மயிரில் முட்ட வைத்துப் பிதுக்குவதுபோல் காட்டினார். கண்ணுக்குள் ஊசி போட்டும் பழைய பார்வை வரவில்லை. கிருமி எந்த வழியாகப் போனது என்று அறுதியிட முடியாதுதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் 5 சதவீத பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விட்டு அத்தனை சுத்தம் பார்த்து அனுப்பிய கண் அது.

ஆகவே சொல்லாதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள். மருந்து விடப்போகிறவரே கை கழுவி, கீழ் இமையை இழுத்து, அந்தக் குழியில் முனை படாமல் ஒரு சொட்டு விட வேண்டும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. பால்போல் கலங்கலான மருந்தென்றால் குலுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு எது எந்த மருந்து என்று தெரிய ஒரு பாட்டிலில் நூல் கட்டிக் கொடுங்கள். வலி, சிவப்பு, மங்கல் எது வந்தாலும் மறு பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே வரச் சொல்லுங்கள். பார்வை தெளிந்ததும் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுவார்கள், அப்படி நிறுத்தக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாத்திரைக் கணக்கு

சுகர், பிரஷர் மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆண்களிடம் "சிறுநீர் அடைப்புக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா?" என்றும் கேளுங்கள். அந்த மாத்திரைகளில் ஒன்றான டாம்சுலோசின் சாப்பிட்டிருந்தால் ஆபரேஷனில் கருவிழிப்படலம் (ஐரிஸ்) தளர்ந்து தொந்தரவு தரும். நிறுத்திவிட்டாலும் அந்தப் பாதிப்பு இருக்கலாம், அதனால் முன்பு சாப்பிட்டதையும் கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

டாக்டர் சொல்லும்வரை கிடையாது.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால்

கண்ணில் ஒரு சொட்டும் கூடாது.

பழைய பாட்டில்

திறந்து ஒரு மாதமானால் கிடாசிவிட வேண்டும். மறு கண் ஆபரேஷனுக்கு வரும்போது, மிச்சம் இருக்கே என்று மடியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைக் கொடுங்கள்.